முள்ளை எடுக்க முள்! புற்றுநோயை எதிர்க்க வைரஸ் கிருமி!

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரி, 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்தது. கடலூர், விழுப்புரம் பக்கத்துப் புற்றுநோயாளிகளும் அங்கே வருகிறார்கள். உடன் வரும் உறவினர் மனதில் ஒரு கேள்வி: "புது மருந்து ஏதும் வருமா?"

வந்துகொண்டிருக்கிறது. அதிசயம் என்ன தெரியுமா? நோய் தரும் வைரஸ் கிருமியையே மருந்தாக மாற்றுகிறார்கள்!

முதல் முயற்சி

1956-ல் அமெரிக்காவில், கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட 30 பெண்களுக்கு, ஜலதோஷம் உண்டாக்கும் அடினோ வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். பலருக்குக் கட்டியின் ஒரு பகுதி அழிந்தது. ஆனால் ஆயுள் நீளவில்லை.

பல்லைப் பிடுங்கினார்கள்

1991-ல் மார்ட்டுசா என்ற அமெரிக்க டாக்டரின் குழுவினர், உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸின் ஒரு மரபணுவை நீக்கினார்கள். ஓயாமல் பெருகும் புற்று அணுக்களில் அது வளர்ந்து, அவற்றை அழித்தது. முதலில் எலிகளிடம் சோதித்தார்கள். பிறகு மனிதரிடம் சோதனைகள் நடந்தன. 2015-ல், மாற்றி அமைத்த வேறொரு ஹெர்ப்பிஸ் வைரஸை, ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு மருந்தாக அமெரிக்க அரசு அனுமதித்தது.

நம் நாட்டில்

இந்தியாவில் வைரஸ் வேறு வேலை செய்கிறது. நோயாளியின் வெள்ளை அணுக்களை வெளியே எடுக்கிறார்கள். தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸ், ஒரு புது மரபணுவைச் சுமந்து சென்று அவற்றுக்குள் சேர்க்கிறது. உடம்புக்குள் திரும்பிய அணுக்கள் இரத்தப் புற்றைத் தேடித் தாக்குகின்றன.

மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து, 2021-ல் இதை மனிதரிடம் சோதிக்கத் தொடங்கின. 64 பேர் பங்கு கொண்டனர். பலன் கணக்கிடப்பட்ட 51 பேரில் 73 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது. ஆனால் சிகிச்சையின் பாதிப்பால் 2 பேர் இறந்தனர். 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது.

கையெழுத்துக்கு முன்...

சோதனை வேறு, நிச்சயமான சிகிச்சை வேறு. புதுச் செய்தி கேட்டு, நடக்கும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

சோதனையில் சேரச் சொன்னால், புரியும் மொழியில் விளக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. காகிதத்தை வரிவரியாகப் படியுங்கள். என்ன ஆபத்து, என்ன பலன் என்று கேளுங்கள். 'வேண்டாம்' என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. புரிந்த பிறகு போடுங்கள் கையெழுத்து!