படுத்திருக்கும் இன்ஜினின் முதல் புகை

ஜெர்மனியில் சில கார்களின் நம்பர் பிளேட்டில், வலது ஓரமாக இரண்டு சிறிய எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேலே 04, கீழே 10 என்றிருந்தால் அந்தக் கார் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டுமே சாலைக்கு வரலாம். 1997-இல் வந்த ஏற்பாடு இது. ஓடாத மாதங்களுக்கு வரி கட்ட வேண்டியதில்லை. சாலையில் தூவும் உப்புக்குப் பயந்து ஸ்போர்ட்ஸ் கார்கள் பல இப்படித்தான் குளிர்காலம் முழுக்க கராஜில் முடங்கிக் கிடக்கின்றன.

ஏப்ரல் பிறந்ததும் உறையை விலக்கிவிட்டுச் சாவியைத் திருப்புகிறார் உரிமையாளர். அது ஒரு பழைய போர்ஷே 911 என்றால், பின்பக்கத்திலிருந்து நீலமும் வெள்ளையும் கலந்த புகை குப்பென்று கிளம்பி கராஜையே நிறைத்துவிடலாம். புதிதாக வாங்கியவருக்கு அடிவயிறு கலங்கும். ரிங் போய்விட்டதா, இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா? பிரித்துச் சேர்க்கும் செலவில் ஒரு புதுக் காரே வாங்கிவிடலாம். அவர் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே புகை மெலிகிறது. ஒரு நிமிடத்தில் சுத்தமாக நின்றும் விடுகிறது.

இன்ஜினில் கோளாறு எதுவும் இல்லாமலே இது நடக்கும். இதில் பெரும்பங்கு புவியீர்ப்புக்குத்தான்.

பெரும்பாலான கார்களில் சிலிண்டர்கள் நின்றுகொண்டோ சாய்ந்துகொண்டோ இருக்கும். 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமான 911-இல் ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கின்றன. எடை தரையை ஒட்டி இருப்பதால் வளைவுகளில் கார் நிலையாக நிற்கும். அதற்குக் கொடுக்கும் விலைதான் இந்தப் புகை. நிற்கும் சிலிண்டரில், இன்ஜினை அணைத்ததும் ஆயில் கீழே வடிந்துவிடும். படுத்திருக்கும் சிலிண்டரின் கீழ்ச்சுவரோ ஒரு தொட்டிபோல ஆயிலைக் கொஞ்சம் தேக்கி வைத்துக்கொள்கிறது. பிஸ்டன் ரிங் முழு வளையமாக இருக்காது. சூட்டில் விரிய இடம் வேண்டும் என்பதற்காக அதில் ஒரு சிறு வெட்டு விட்டிருப்பார்கள். ஓடும்போது ரிங்குகள் தம் பள்ளத்துக்குள் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். அணைக்கும் நேரத்தில் அந்த வெட்டு கீழ்ப்பக்கமாக வந்து நின்றால், அதன் வழியே ஆயில் எரியும் அறைக்குள் கசியும். அடுத்த ஸ்டார்ட்டில் அது எரிந்து வெளியே வரும். திங்கட்கிழமை புகைந்த கார் செவ்வாய்க்கிழமை ஒன்றும் தெரியாததுபோல் ஸ்டார்ட் ஆவதற்கு இதுதான் காரணம்.

கழுவுவதற்காக காரை கராஜிலிருந்து வாசலுக்கு நகர்த்தி, ஒரே நிமிடத்தில் அணைத்துவிடுகிறவர்களும் மறுநாள் இந்தப் புகையைப் பார்ப்பார்கள். அலுமினிய பிஸ்டன் சூடாகி விரிந்தால்தான் சிலிண்டரோடு நெருக்கமாகப் பொருந்தும். குளிர்ந்த நிலையில் இடைவெளி அதிகம். ஆயில் புகவும் வழி அதிகம்.

இயற்கையான இந்தப் புகையைப் பெரிதாக்கிவிடுவது பல நேரம் உரிமையாளரின் கைதான். 1998 வரை வந்த, காற்றால் குளிரும் 911-களில் ஆயில் இன்ஜினின் அடியில் தங்குவதில்லை. பின்சக்கரத்துக்கு அருகே தனி டேங்க்கில் இருக்கும். கார் வாரக்கணக்கில் நின்றால், டேங்க்கிலுள்ள ஆயில் பம்ப்பின் நுண்ணிய இடுக்குகள் வழியே மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிவிடும். அப்போது டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயிலே இல்லாததுபோல் தெரியும். பதறிப்போய் இரண்டு லிட்டர் ஊற்றுகிறார்கள். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் பழைய ஆயிலையெல்லாம் டேங்க்குக்குத் திருப்பி அனுப்ப, மிகுந்தது சுவாசக் குழாய் வழியே ஏர் ஃபில்டருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிறது. பிறகு புகைக்குக் கேட்கவா வேண்டும்! இந்தக் கார்களில் ஆயில் அளவை, இன்ஜின் நன்றாகச் சூடாகி, சமதரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

நீலம் என்றால் ஆயில், வெள்ளை என்றால் தண்ணீர், கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி என்று பட்டறைகளில் ஒரு வாய்ப்பாடு உண்டு. பாதி நேரம் அது சரி. மீதிப் பாதியில் அது ஏமாற்றும். ஆவியான ஆயில் வெளியே வந்து குளிர்ந்து நுண்துளிகளாகிறது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளிகள் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தெரிவதும் இந்த வகைச் சிதறலால்தான். ஆயில் மிகுந்து துளிகள் பெரிதானால் எல்லா நிறங்களும் ஒரேபோலச் சிதறி, புகை வெள்ளையாகிவிடும். நம் தெருக்களில் கொசுப்புகை அடிக்கும் இயந்திரம் எண்ணெயை ஆவியாக்கித்தான் அந்த அடர்ந்த வெண்மேகத்தை உண்டாக்குகிறது. ஆகவே வெள்ளைப் புகையைக் கண்டவுடன், கூலன்ட் சிலிண்டருக்குள் புகாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் மேல் பழி போடக்கூடாது. காற்றால் குளிரும் 911-இல் கூலன்ட்டே கிடையாது என்பதையும் மறக்கக்கூடாது.

உண்மையான நீராவியை அடையாளம் காண்பது எளிது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த சைலன்சரில் அது ஆவியாகத் தெரியும். சில அடி தூரத்தில் காற்றில் கரைந்துவிடும், வாசனையும் இராது. கூலன்ட் கசிந்து எரிந்தால் இனிப்பான வாடை வரும்; இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை தொடரும். ஆயில் புகையோ காரமாக மூக்கில் ஏறும், காற்றில் தொங்கிக்கொண்டு நிற்கும். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல், புகை எத்தனை நேரம் நீடிக்கிறது, எந்தக் கணத்தில் வருகிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி. ஆல்ப்ஸ் மலைப்பாதையில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இறங்கிவந்து, அடிவாரத்தில் மிதித்ததும் நீலப்புகை வந்தால் வால்வு சீல்களைச் சந்தேகிக்கலாம். வேகமெடுக்கும்போதெல்லாம் புகைந்தால் ரிங்குகளை.

1996-இல் வந்த போர்ஷே பாக்ஸ்டரிலும், அதன் பின் வந்த, தண்ணீரால் குளிரும் 911-களிலும் வேறொரு சந்தேக நபர் சேர்ந்துகொண்டார்: ஆயில் செப்பரேட்டர். பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயுவிலிருந்து ஆயிலைப் பிரித்துத் திருப்பி அனுப்பும் பிளாஸ்டிக் பெட்டி அது. அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால், இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தில் ஆயிலையும் சேர்த்து உறிஞ்சும். அப்போது வரும் புகை ஒரு நிமிடத்தில் அடங்காது, தெருவையே மறைக்கும். உடனே அணைத்துவிட வேண்டும். ஆயில் அமுங்காத திரவம். சிலிண்டரில் நிறைய சேர்ந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

சவ்வு கிழிந்திருப்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். லேசாக இழுத்துப் பிடித்தால் நலம். இரண்டு கை போட்டாலும் வர மறுத்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. துல்லியம் வேண்டுமென்றால் மூடியின் இடத்தில் தண்ணீர் நிரப்பிய யு வடிவக் குழாயை இணைப்பார்கள். 12-13 செ.மீ. அளவுக்கு நீர்மட்ட வேறுபாடு இருப்பது இயல்பு. சவ்வு கிழிந்திருந்தால் வேறுபாடு அதை வெகுவாகத் தாண்டும். பழுதடைந்த பெட்டியை மாற்றினால் தீர்ந்துபோகும் கோளாறுக்கு, இன்ஜினையே இறக்கிப் பிரித்துவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

சந்தேகம் இன்னும் தீரவில்லையா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, அந்தத் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆயில் மூடிப் பக்கம் சீறினால் ரிங். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கூலன்ட்டில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். சிலிண்டர் சுவரே கீறிப்போயிருக்கிறதா என்று பார்க்க, அதே துளையில் விரல்பருமன்கூட இல்லாத கேமராவை நுழைப்பார்கள். தண்ணீரால் குளிரும் முதல் இரண்டு தலைமுறை 911-களில் இந்தக் கீறல் பெயர்பெற்ற நோய். ‘டக் டக்’ என்ற தட்டல் ஓசை, இரண்டு வெளிக்குழாய்களில் ஒன்றில் மட்டும் அதிகக் கரி, அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டிய நிலை, இவை மூன்றும் சேர்ந்தால் கேமரா போட்டே ஆக வேண்டும்.

பழைய 911 வாங்கப்போகும் அனுபவசாலிகள், தாங்கள் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். போனதும் வண்ணத்தையோ இருக்கையையோ பார்க்காமல், பின்பக்கம் குனிந்து சைலன்சரைத் தொட்டுப் பார்ப்பார்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால், முதல் புகையை யாரோ ஏற்கெனவே வெளியேற்றிவிட்டார்கள். மறுநாள் காலை வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.