சுழற்சி முறையில் அம்மா

டொமிகான் என்று ஒரு குடும்பப் பெயர். 1920லிருந்து அமெரிக்காவின் இத்தாக்கா ஊரில் பல குழந்தைகளுக்கு இந்தப் பெயர் இருந்தது. ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தம் கிடையாது. டொமஸ்டிக் எகனாமிக்ஸ் என்பதைச் சுருக்கி வைத்த பெயர் அது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மனையியல் துறை, மாணவிகளுக்குக் குழந்தை வளர்ப்பு சொல்லிக்கொடுப்பதற்காக அனாதை இல்லங்களிலிருந்தும் குழந்தை நல அமைப்புகளிலிருந்தும் வாங்கிவந்த கைக்குழந்தைகள் அவர்கள். முதல் ஆள் பெயர் டிக்கி டொமிகான்.

படிக்கிறப்ப பகீர்னு இருக்கு, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கண்ணோட்டத்தில் இது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். கார்னெலில் மனையியல் தொடங்கியதே வேளாண்மைக் கல்லூரிக்குள்ளேதான். வேளாண்மை மாணவனுக்கு வயல் இருக்கிறது, வேதியியல் மாணவனுக்குச் சோதனைக்கூடம் இருக்கிறது. குடும்ப வாழ்க்கையைப் பாடமாகப் படிப்பவளுக்கு என்ன இருக்கிறது? ஒரு வீடு வேண்டும். வீடு என்றால் அதில் குழந்தை வேண்டும். தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

இந்தத் துறையைக் கட்டியெழுப்பியவர்கள் மார்த்தா வான் ரென்சலர், ஃப்ளோரா ரோஸ் என்ற இருவர். 1911ல் இவர்களுக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அதற்குமுன் கார்னெலில் பெண்கள் யாரும் முழுப் பேராசிரியர் ஆனதில்லை. அறிவியல் துறைகளின் கதவு பெண்களுக்கு மூடியிருந்த காலத்தில், சமையலறை வழியாகத்தான் பலர் உள்ளே போனார்கள். மனையியல் என்றால் கோலமும் குழம்பும் என்று இன்னும் நக்கல் அடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சரி, பயிற்சி வீடு எப்படி இயங்கியது? சில மாணவிகள், கூட ஒரு பொறுப்பாசிரியை, ஒரே வீட்டில் குறிப்பிட்ட காலம் தங்குவார்கள். ஒருத்தி சமையல், ஒருத்தி வரவு செலவு, ஒருத்தி வீட்டுப் பராமரிப்பு, ஒருத்தி அம்மா. சில நாள் கழித்து எல்லாருக்கும் வேலை மாறும், அம்மா உட்பட. பால் குடித்த நேரம், தூங்கிய நேரம், எடை எல்லாம் நோட்டில் ஏறும். எங்கள் மென்பொருள் உலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஷிஃப்ட் போடுவோம், அடுத்த ஆளுக்கு ஹேண்டோவர் கொடுப்போம். அச்சு அசல் அதே ஏற்பாடு!

குழந்தைகளுக்கு உடம்பளவில் இதனால் நன்மைதான். சத்துக் குறைவோடு வந்த குழந்தைகள் கொழுகொழுவென்று தேறின. அறிவியல் முறையில் வளர்ந்த குழந்தை என்பதால் தத்தெடுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். அன்றைய நிபுணர்கள் வேறு எதையும் கேட்கவில்லை. உளவியலாளர் ஜான் வாட்சன் 1928ல் எழுதிய புத்தகத்தில், குழந்தையைக் கட்டியணைக்காதே, முத்தம் கொடுக்காதே, காலையில் கைகுலுக்கு என்கிற அளவுக்குப் போனார். கைகுலுக்கினால் போதும் என்றால் அது யார் கையாக இருந்தால் என்ன?

அடி விழுந்தது 1951ல். உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, தாயோடு அல்லது தாய்போல நிலையாக இருக்கும் ஒருவரோடு குழந்தைக்கு நெருங்கிய, தொடர்ச்சியான உறவு வேண்டும், அது இல்லாவிட்டால் மனநலம் பாதிக்கும் என்றது. 1958ல் ஹாரி ஹார்லோ தன் குரங்குக்குட்டிகளை வைத்து, பால் கொடுக்கும் கம்பிப் பொம்மையைவிட பால் இல்லாத துணிப் பொம்மையைத்தான் குட்டிகள் கட்டிக்கொள்கின்றன என்று காட்டினார். 1950களில் நாற்பது ஐம்பது அமெரிக்கக் கல்லூரிகளில் பயிற்சிக் குழந்தைகள் இருந்தார்கள். அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்து, கார்னெலில் 1969ல் நின்றது. அதே ஆண்டு அந்தக் கல்லூரியின் பெயரும் மனித சூழலியல் கல்லூரி என்று மாறியது.

ஒரு குழந்தையைப் பல பேர் வளர்ப்பதே தப்பு என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். காங்கோவின் இத்தூரி காட்டில் வாழும் எஃபே மக்களிடம் கைக்குழந்தை நாள் முழுக்கக் கைமாறிக்கொண்டே இருக்கும், வேறு பெண்கள் பாலும் கொடுப்பார்கள். நம்ம பாட்டி, அத்தை, சித்தி கதையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அத்தை செமஸ்டர் முடிந்ததும் காணாமல் போகமாட்டாள். சிக்கல் கைகளின் எண்ணிக்கையில் இல்லை, அந்தக் கைகள் திரும்ப வருமா என்பதில் இருக்கிறது என்பது என் கணிப்பு. டொமிகான் குழந்தைகளின் உண்மைப் பெயர் மறைக்கப்பட்டது. தத்துப்போனபின் புதுப் பெயர். ஆகவே பின்னாளில் அவர்களைத் தேடிப்பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இல்லாமல் போனது. எடையைக் கிராம் கணக்கில் குறித்த படிப்பு, இதற்கு ஒரு வரிகூட இடம் வைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1948ல் சேர்ந்ததும் இதே கார்னெலில்தான். குழந்தையைத் தனியாக எடுத்துவைத்துப் படிக்காதே. வீடு, பள்ளி, அப்பாவின் வேலையிடம், நாட்டின் சட்டம் என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக இருக்கும் வட்டங்களோடு சேர்த்துப் படி என்று 1979ல் புத்தகம் போட்டவர். இன்றைக்கு மனித மேம்பாடு படிக்கிற எந்த மாணவியும் அந்த வட்டங்களை வரையாமல் தேர்வு எழுதமுடியாது.

குழந்தை போன இடத்துக்கு 1990களில் பொம்மை வந்தது. ரிக் ஜர்மெய்ன் என்ற விண்வெளிப் பொறியாளர் கண்டுபிடித்தது. நேரங்கெட்ட நேரத்தில் அழும், நாம் என்ன செய்தோம் என்று உள்ளே பதிவாகும். இதைப் பள்ளிப் பெண்களிடம் கொடுத்தால் பயந்துபோய் சின்ன வயதில் கர்ப்பமாக மாட்டார்கள் என்று நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் பகுதியில் 57 பள்ளிகளில் சோதித்து, முடிவை 2016ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பொம்மை வளர்த்த பெண்களில் 20 வயதுக்குள் குழந்தை பெற்றவர்கள் 8 சதவீதம். பொம்மை கொடுக்காத பெண்களில் 4.