கமாவுக்கு முன்னும் ஜேசனுக்குப் பின்னும்

கோபால் (COBOL) என்ற நிரல் மொழியில் சம்பளப் பட்டியல் போட்ட காலத்தில், தரவுக் கோப்பைத் திறந்தால் எழுத்தும் எண்ணும் மூச்சுவிடாமல் ஓடும். முதல் 20 இடம் பெயருக்கு, அடுத்த 8 இடம் தொகைக்கு என்ற கணக்கு கோப்பில் இருக்காது. நிரலுக்குள் தனியாக எழுதப்பட்டிருக்கும். ‘00125050’ என்று இருந்தால் அது 1,250 ரூபாய் 50 காசு. தசமப் புள்ளிக்குக்கூட இடம் ஒதுக்குவதில்லை. கடைசி இரண்டு இலக்கம் காசு என்பது நிரலுக்குத்தான் தெரியும். பெயர் 20 எழுத்தைத் தாண்டினால் வால் அறுபடும். ஓர் இடம் தள்ளிப் பதிந்தால் தொகை தாறுமாறாகும், அல்லது நிரல் பாதியில் படுத்துவிடும்.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் மொத்தமே 80 இடம்தான். பின்னால் வந்த காந்த நாடாவும் வட்டும் மலிவாக இல்லை. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியதும் இதனால்தான். 1990களின் முடிவில் அது ஒய்டூகே சிக்கலாக வெடித்தபோது, அந்தப் பழைய கோப்புகளையும் நிரல்களையும் திருத்தும் வேலை சென்னை உட்பட இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்குக் குவிந்தது.

இடத்தை எண்ணுவானேன், நடுவில் ஒரு கமா போட்டால் போதாதா என்ற யோசனை 1970களிலேயே ஃபோர்ட்ரானில் வந்துவிட்டது. சிஎஸ்வி கோப்பின் வேர் அதுதான். பார்க்க எளிது என்பதால் ஆளுக்கொரு நிரல் எழுதிக்கொண்டார்கள்: வரியை எடு, கமா வரும் இடத்தில் வெட்டு. ‘12, வடக்கு மாட வீதி, மயிலாப்பூர்’ என்று ஒரு முகவரி வரும்வரை எல்லாம் சரியாக நடக்கும். வந்ததும் ஒரு முகவரி மூன்று துண்டாகி, தொலைபேசி எண்ணுக்குரிய கட்டத்தில் வீதியின் பெயர் போய் உட்காரும். சரி, முகவரியை மேற்கோள்குறிக்குள் போடலாம். அதற்குள்ளேயே மேற்கோள்குறி வந்தால்? அதை இரட்டிப்பாக எழுத வேண்டும். முகவரியை ஒருவர் என்டர் தட்டி இரண்டு வரியாக அடித்திருந்தால்? அப்போது ‘ஒரு வரி ஒரு பதிவு’ என்ற அடிப்படையே ஆட்டம் காணும்.

இந்த வழக்கங்களைத் தொகுத்து ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் வந்தது 2005இல்தான். அதற்கு முன்பே, 2003இல் வெளியான பைத்தான் 2.3, சிஎஸ்வி படிக்கவும் எழுதவும் தனி மாட்யூலைத் தந்துவிட்டது. அதன் இயல்பான பாணிக்கு வைத்த பெயர் ‘எக்செல்’. விதிநூல் இல்லாத ஊரில் எக்செல் செய்வதுதான் விதி என்று ஒப்புக்கொண்ட பெயர் அது. இன்று பைத்தானில் கமாவைக் கையால் வெட்டுகிறவரைச் சக புரோகிராமர்களே தடுத்துவிடுவார்கள்.

1998இல் டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல், கோப்பையே பேசவைத்தது. இது பெயர், இது தொகை என்று ஒவ்வொன்றையும் குறிச்சொல்லுக்குள் அடைத்தார்கள். கோப்பு பருத்தது, பெரிய கோப்பை முழுசாக ஏற்றினால் நினைவகம் திணறியது, துண்டு துண்டாகப் படிக்கும் நிரலோ எழுதச் சிரமமாக இருந்தது. ஒரு கிலோபைட்கூட இல்லாத எக்ஸ்எம்எல் கோப்பு, விரிக்க விரிக்கக் கிட்டத்தட்ட 3 ஜிகாபைட்டாக ஊதி இயந்திரத்தையே முடக்கும் தாக்குதலும் வந்தது.

டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2001 வாக்கில் பரப்பத் தொடங்கிய ஜேசன் என்ற தரவு வடிவம், ஜாவாஸ்கிரிப்ட்டின் எழுத்துமுறையிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் அதைப் படித்த விதத்தை இன்று நினைத்தால் திக்கென்று இருக்கும். வந்த கோப்பை அப்படியே நிரலாக ஓடவிட்டார்கள். தரவு என்று நம்பியதற்குள் யாராவது கட்டளையை ஒளித்துவைத்திருந்தால் அதுவும் சேர்ந்து ஓடும். 2008இல் பைத்தான் 2.6இலும், 2009இல் ஜாவாஸ்கிரிப்ட்டின் தரவரையறையிலும் ஜேசனுக்கென்றே பார்சர் இடம்பெற்ற பிறகு, படிப்பது ஒரு வரி வேலையானது. எழுதுவதும் அப்படித்தான். முன்பு சொற்களைக் கூட்டல் குறியால் ஒட்டி ஒட்டிக் கோப்பு தயாரித்தவர்களுக்கு, பெயரில் ஒரு மேற்கோள்குறி வந்தாலே கோப்பு முழுவதும் கெட்டுவிடும். இன்று அந்தக் கவலை மாட்யூலுடையது.

தமிழுக்கு இந்த மாற்றம் இரட்டிப்பானது. டிஸ்கி, டேப், டேம் என்று ஆளுக்கொரு குறியாக்கம் இருந்த நாளில், எந்த எழுத்துருவுக்கு அடித்த கோப்பு என்று தெரியாவிட்டால் பட்டியல் முழுவதும் கிறுக்கலாகத் தெரியும். 2017இல் வந்த ஜேசன் விதி, அமைப்புகளுக்கிடையே போகும் ஜேசன் யூடிஎஃப்-8இல்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் பைத்தானில் ‘தமிழ்’ என்ற சொல்லை ஜேசனாக எழுதச் சொன்னால், இயல்பாக வருவது ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஆறு எழுத்தாக, மூன்றெழுத்துச் சொல் 30 எழுத்தாக நீளும். தவறில்லை, திரும்பப் படித்தால் தமிழாகவே வரும். மனிதக் கண்ணுக்குத்தான் ஆகாது. ஆஸ்கிக்குள் அடக்கும் அந்த அமைப்பை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகவே எழுதப்படும்.

ஆக, ஒரு தகவல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பழைய கேள்வி தீர்ந்துவிட்டது. இன்றைய தலைவலி, படித்தது என்ன என்பது. 9007199254740993 என்ற எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் ஜேசனிலிருந்து எடுத்தால் கடைசி 3 இருக்காது, 2 இருக்கும். அவ்வளவு பெரிய முழு எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ள அதன் சாதாரண எண் வகையால் முடியாது. பைத்தானோ சரியாகவே படிக்கும். ட்வீட் எண்கள் இப்படி நீண்டபோது, ட்விட்டர் அதே எண்ணை எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. யாமல் 1.1 என்ற தரவு வடிவில் மேற்கோள்குறி இல்லாமல் எழுதிய நார்வேயின் நாட்டுக் குறியீடான NO, ‘இல்லை’ என்ற விடையாகப் படிக்கப்படும். மார்ச்1 என்ற மரபணுவை எக்செல் மார்ச் 1ஆம் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயரிடும் குழு அத்தகைய மரபணுக்களின் பெயரையே மாற்றி 2020இல் புதிய நெறிமுறை வெளியிட்டது. மென்பொருளுக்கு அறிவியல் வழிவிட்டது.

அதனால்தான் ஜேசன் ஸ்கீமா, பைடான்டிக் போன்ற கருவிகள் பரவியிருக்கின்றன. எந்தப் புலத்தில் என்ன வகைத் தரவு வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, வரும் கோப்பை வாசலிலேயே நிறுத்திச் சோதிக்கிறார்கள்.

கோப்பைப் படிக்கிறவர் எவ்வளவு சோதித்தாலும், எழுதுகிறவர் தொலைத்ததை மீட்க முடியாது. முன்னால் இருந்த பூச்சியம் போன கணக்கு எண்ணில் எத்தனை பூச்சியம் இருந்தது என்று எந்தப் பார்சரும் சொல்லாது. ஆகவே தொலைபேசி, ஆதார், வங்கிக் கணக்கு எண்களைக் கூட்டப்போவதில்லை என்பதால் எழுத்துச் சரமாகவே எழுதுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் நான்கு இலக்க ஆண்டோடு எழுதுங்கள். தமிழ் சிஎஸ்வியை எக்செல்லில் திறக்கப்போகிறவருக்கு அனுப்பினால், பைத்தானில் ‘யூடிஎஃப்-8-சிக்’ என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அனுப்புமுன், எழுதிய கோப்பை அதே நிரலால் ஒருமுறை திரும்பப் படித்து, கொடுத்ததும் வந்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுவிடுங்கள்.