சிவனில் பாதி சக்தி. நம் வீட்டில் எப்படி?

தீபாவளி நெருங்கினால் நம் லயங்களில் கேதார கௌரி விரதம் பிடிக்கிற பெண்கள் நிறையப் பேர். "புருஷன் நல்லா இருக்கணும்" என்று நோன்பிருந்து காப்புக் கட்டிக் கொள்கிறார்கள். இந்த விரதம் எப்படி வந்தது என்று நாம் யோசித்திருக்கிறோமா?

பிருங்கி என்று ஒரு முனிவர். சிவனை மட்டுமே கும்பிடுவார். பக்கத்தில் இருக்கிற அம்பாளைத் திரும்பியும் பார்க்க மாட்டார். மனம் நொந்த அம்பாள் பூமிக்கு வந்து தவம் இருந்தாள். சிவன் மனமிரங்கித் தன் இடது பாகத்தையே கொடுத்தார். அதுதான் அர்த்தநாரீசுவரர் வடிவம். சக்தியை ஒதுக்கிய பிருங்கியோ உடம்பில் பலம் போய், நிற்கவும் முடியாமல் தள்ளாடினார். மூன்றாவது கால் கொடுத்துத்தான் அவரை நிற்க வைத்தார்களாம். நம் பாட்டன் பூட்டன்மார் பலர் புறப்பட்டு வந்த பழைய சேலம் ஜில்லாவில், திருச்செங்கோட்டு மலைக்கோயிலின் மூலவரே இந்த ஆண் பாதி பெண் பாதி வடிவம்தான்.

ஆகவே புருஷனுக்காகப் பொம்பளை பட்டினி கிடப்பது மட்டுமல்ல விரதம். பாதிப் பங்கைக் கொடுப்பது புருஷன் கடமை என்பதும் அதற்குள் இருக்கிறது.

மற்ற மார்க்கங்களும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. ஆணையும் பெண்ணையும் கடவுள் தம் சாயலிலேயே படைத்தார் என்கிறது ஆதியாகமம். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் நிருபத்தைக் காட்டுகிறவர்கள், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் அதற்கு முந்தின வசனத்தையும் படிக்க வேண்டும். ஆண் சம்பாதித்ததில் ஆணுக்குப் பங்கு, பெண் சம்பாதித்ததில் பெண்ணுக்குப் பங்கு என்பது குர்ஆனின் நான்காம் அத்தியாயம் சொல்லும் நீதி.

தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல் வந்தது. செக்ரோலில் வந்த சமம் வீட்டுக்குள் வந்ததா? விடியுமுன் ரொட்டி சுட்டு, பிள்ளையை மடுவத்தில் விட்டு, நாள் முழுக்கக் கொழுந்து எடுத்து, சாயந்திரம் கூடையை இறக்கினால் அடுப்பும் தண்ணியும் விறகும் அவளுக்கே காத்திருக்கின்றன. கவ்வாத்து முடித்து முந்தியே வீடு வருகிற ஆம்பளை ஒரு குடம் தண்ணி பிடித்து வைத்தால் மானமா போய்விடும்? மனைவியின் சம்பளத்தையும் தானே வாங்கி, தவறணையில் பாதியை விட்டு வருகிறவரை எந்தச் சாமி மெச்சும்?

அடிப்பதற்கும் எந்த மதமும் சாட்சி சொல்லாது. சட்டமும் சொல்லாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிபடுகிறவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். சம்பள நாளில் இருவர் சம்பளத்தையும் ஒன்றாக வைத்து, கடைக்கடன், பிள்ளைகளின் கொப்பி, மருந்து, சீட்டு என்று இரண்டு பேருமாகக் கணக்குப் பாருங்கள். கடன் வாங்குவதும், பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்துவதா வேண்டாமா என்பதும் ஒருவர் மட்டும் எடுக்கிற முடிவல்ல. மகளைப் போலவே மகனும் கோப்பை கழுவிப் பழகட்டும்.

பாதியை ஒதுக்கினால் முழு உடம்புக்கும் பலம் போய்விடும். பிருங்கி கதை நமக்குச் சொல்வது அதுதான். வருகிற சம்பள நாளிலேயே தொடங்கிப் பார்ப்போமே!