செவ்வாய்க்காரர்கள் கடத்திப்போன கிறிஸ்துமஸ் தாத்தா! தெரியுமா?

உலகத்திலேயே மட்டமான படங்கள் எவை என்று யார் பட்டியல் போட்டாலும் அடிக்கடி தலைகாட்டும் படம் ஒன்று உண்டு. பெயர், 'சாண்டா கிளாஸ் காங்கர்ஸ் தி மார்ஷியன்ஸ்'. 1964 நவம்பரில் அமெரிக்கக் குழந்தைகளுக்காக வெளியானது. தலைப்பின்படி கிறிஸ்துமஸ் தாத்தா செவ்வாய்வாசிகளை ஜெயிக்கிறார். படத்திலோ அவரையே குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்! இன்னும் இருக்கிறது, கேளுங்கள்.

800 வயது ஞானி சொன்ன வைத்தியம்!

செவ்வாயில் பிள்ளைகள் சிரிப்பதே இல்லை. பூமியிலிருந்து வரும் டிவி நிகழ்ச்சிகளை வெறித்துப் பார்த்தபடி கிடக்கிறார்கள். தலைவர் கிமார், 800 வயதான ஞானி ஒருவரிடம் ஓடுகிறார். மிஷினை வைத்து மூளைக்குள் பாடத்தைத் திணித்தால் பிள்ளைகள் பிள்ளைகளாகவா இருப்பார்கள் என்கிறார் ஞானி. மருந்து? கிறிஸ்துமஸ் தாத்தா! பூமிக்கு வந்தால் இன்னொரு தலைவலி. நியூயார்க்கில் தெருமுனைக்குத் தெருமுனை ஒரு சிவப்புச் சட்டைத் தாத்தா நிற்கிறார். அசல் ஆள் யார்? வழி கேட்க பில்லி, பெட்டி என்ற இரண்டு வாண்டுகளையும் சேர்த்தே கடத்துகிறார்கள்!

லிண்ட்பெர்க் பறந்த மண்ணில் செவ்வாய் கிரகம்!

படத்தின் செலவு சுமார் 2 லட்சம் டாலர். ஹாலிவுட் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், ரூஸ்வெல்ட் ஃபீல்டில் இருந்த பழைய விமானக் கொட்டகைதான் ஸ்டூடியோ. 1927 மே 20 அன்று விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பியதும் இதே ரூஸ்வெல்ட் ஃபீல்டிலிருந்துதான்!

கடையில் வாங்கிய ஆயுதம்!

செவ்வாய்வாசிகளின் பயங்கரத் துப்பாக்கி என்ன தெரியுமா? 'ஏர் பிளாஸ்டர்' என்ற பொம்மை! காற்றை மட்டும் 'புஸ்' என்று அடிக்கும். செய்தது வாம்-ஓ நிறுவனம். ஆமாம், ஃபிரிஸ்பீயையும் ஹுலா ஹூப்பையும் ஊரெல்லாம் பரப்பிய அதே நிறுவனம்! ஆட்களுக்கு முகத்தில் பச்சைச் சாயம், தலையில் ஆன்டெனா முளைத்த ஹெல்மெட். டார்க் என்ற ரோபோ, வெள்ளி நிறம் பூசிய பெட்டிக்குள் ஒரு ஆள். வடதுருவத்தில் கர்ஜிக்கும் பனிக்கரடியும் உடுப்புக்குள் ஒரு ஆள்தான். பிரம்மாண்டமாகத் தெரியும் போர் விமானக் காட்சிகளோ, அமெரிக்க விமானப்படையின் பழைய படச்சுருள்கள்!

டைட்டிலிலேயே கோட்டை விட்டார்கள்!

உடையலங்காரம் செய்தவர் பெயரைப் போடும் இடத்தில் 'காஸ்ட்யூம்' என்ற சொல்லையே தப்பும் தவறுமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 'ஓ' வர வேண்டிய இடத்தில் 'யூ'! யாரும் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் திருத்தவில்லை. அப்படியே தியேட்டருக்குப் போய்விட்டது.

நடித்தவர்கள் யார்?

பெரும்பாலோர் பிராட்வே நாடக மேடைக்காரர்கள்! தூங்குமூஞ்சி டிராப்போவாக வந்து அசடு வழியும் பில் மெக்கட்சன், 1988-ல் 'எனிதிங் கோஸ்' இசை நாடகத்துக்காக டோனி விருதையே தட்டிச் சென்றார். கிமாரின் மனைவியாக வந்த லைலா மார்ட்டின், அதே 1988-ல் பிராட்வேயில் 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா' தொடங்கியபோது மேடம் ஜிரியாக நின்றார். கிமாரின் குட்டி மகள் யார் தெரியுமா? பின்னாளில் பெயர் வாங்கிய பியா சடோரா! 'பட்டர்ஃபிளை' படத்துக்காக கோல்டன் குளோபும் வாங்கினார். அதே படத்துக்காக மோசமான நடிகைக்கான ராஸியும் வாங்கினார். இரண்டையும் ஒரே நடிப்புக்கு வாங்குவது லேசா என்ன?

வில்லனை வீழ்த்தியது எது?

செவ்வாயில் தாத்தா கையால் பொம்மை செய்வதில்லை. பொத்தானை அமுக்கினால் மிஷின் பொம்மையைத் துப்புகிறது. அமுக்கி அமுக்கி விரல் ஓய்ந்துபோகிறது மனிதருக்கு! கடைசியில் பெரிய மீசை வைத்த வில்லன் வோல்டாரை, பிள்ளைகள் அந்த விளையாட்டுச் சாமான்களை வைத்தே திணறடிக்கிறார்கள். பெரியவர்கள் தோற்க, வாண்டுகள் ஜெயிக்கிறார்கள். படமும் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் குழந்தைகளின் பகல் காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது!

திட்டியே வளர்த்தார்கள்!

1978-ல் வந்த 'ஐம்பது மோசமான படங்கள்' புத்தகத்தில் இதற்கும் ஓர் இடம். 1991 டிசம்பரில் 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000' டிவி தொடரில் ஒரு மனிதரும் இரண்டு ரோபோக்களும் உட்கார்ந்து படம் நெடுக நக்கலடித்தார்கள். விளைவு? புதுத் தலைமுறை ரசிகர் கூட்டம்! அமெரிக்காவில் இதன் பதிப்புரிமையும் யார் கையிலும் இல்லை. யார் வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம். இப்படியாக, அதே வருஷத்து எத்தனையோ படங்கள் மறந்துபோக, இது சாகாவரம் வாங்கிவிட்டது!

கடைசி ஆச்சரியம்!

படம் வெளியான இரண்டே வாரத்தில், நவம்பர் 28 அன்று, நாசாவின் மாரினர் 4 விண்கலம் செவ்வாயை நோக்கிக் கிளம்பியது. 1965 ஜூலையில் அது அனுப்பிய படங்களில் பள்ளங்கள்தான் இருந்தன; பச்சை மனிதர்கள் யாரும் இல்லை. இயக்குநர் நிக்கலஸ் வெப்ஸ்டர் அதற்கெல்லாம் அசருகிற ஆளா? 1968-ல் 'மிஷன் மார்ஸ்' என்று இன்னொரு செவ்வாய்ப் படம் எடுத்தார்!