மூட்டுத் தேய்மானமும் தாய்ச்சிப் பயிற்சியும்: நார்த்தாமலை முதியோரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

சீனத்தில் தோன்றிய தாய்ச்சி என்னும் மென்னசைவுப் பயிற்சி, முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் வருந்தும் முதியோர்க்கு எவ்வாறு துணைபுரிகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நார்த்தாமலை போன்றதொரு சிற்றூரில் அதனைக் கற்பிக்க முற்படின் எழக்கூடிய கலைச்சொல் சிக்கலும் அளவீட்டுச் சிக்கலும் உடன் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தாய்ச்சி, மூட்டுத் தேய்மானம், கீல்வாயு, முதுமை, நார்த்தாமலை, கும்மி

முன்னுரை

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையை ஒட்டி அமைந்த நார்த்தாமலை, பல குன்றுகளின் தொகுதியாகும். அவற்றுள் மேலமலையின் மீது விசயாலய சோழீசுவரம் நிற்கிறது. அங்குச் செல்வோர் வெறும் பாறைச் சரிவில் ஏறி, அதே சரிவில் இறங்க வேண்டும். முழங்கால் நோவுடையார்க்கு ஏறுவதினும் இறங்குவதே கடினம். இறங்கும்போது உடலின் எடையைத் தொடையின் முன்தசை தாங்கித் தாங்கி விடவேண்டியிருப்பதால் மூட்டின்மீது விழும் சுமை மிகுகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர், இந்திய அளவில் இது 8.6 விழுக்காடு. நாற்று நடவு, களையெடுப்பு, சுமை தூக்குதல் எனக் குனிந்தும் குந்தியும் உழைத்த தலைமுறையின் முழங்கால்கள் இன்று தேய்ந்துள்ளன. நோவுக்கு அஞ்சி அவர்கள் நடையைக் குறைக்கின்றனர். நடை குறையத் தசை மெலிகிறது. தசை மெலிய நோவு மேலும் பெருகுகிறது. இச்சுழலை எங்கே அறுப்பது என்பதே இக்கட்டுரையின் வினா.

பெயர்களில் நேரும் குழப்பம்

'தாய்ச்சி' என்பதன் முழுப்பெயர் தாய்ச்சிச்சுவான். 'தாய்ச்சி' என்பது யாவற்றுக்கும் மேலான முழுமுதல் நிலையையும், 'சுவான்' என்பது கைப்போரையும் குறிக்கும். உயிராற்றலைக் குறிக்கும் 'ச்சி' என்னும் சீனச்சொல் வேறு. இப்பெயரின் ஈற்றிலுள்ள 'ச்சி' வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால், தாய்ச்சி என்பதற்கு 'உயிராற்றல் பயிற்சி' எனப் பொருள்கூறும் பிழை எளிதில் நேர்கிறது.

நோயின் பெயரில் நேரும் குழப்பம் இதனினும் தீங்கானது. 'கீல்வாதம்' என்னும் சொல்லை மூட்டுநோய் அனைத்துக்கும் பொதுவாகவும், யூரிக் அமிலப் படிவால் வரும் நோய்க்குச் சிறப்பாகவும் ஆள்கின்றனர். 'முடக்குவாதம்' என்பது உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மூட்டைத் தாக்கும் நோயைக் குறிக்க வழங்கினும், பேச்சுவழக்கில் பக்கவாதத்தையும் சுட்டுகிறது. சித்த மருத்துவர் மூட்டுத் தேய்மானத்தை அழல் கீல்வாயுவோடும், முடக்குவாதத்தை உத்தரவாத சுரோணிதத்தோடும் ஒப்பிடுவர். இவ்வேறுபாடு ஏட்டளவினது அன்று. தேய்மானத்துக்கு அசைவு நன்மை செய்யும். மூட்டு வீங்கிச் சூடேறியிருக்கும் வேளையில் ஓய்வே முதல் தேவை. எந்த வாதம் என்று தெளியாமல் 'வாதத்துக்குத் தாய்ச்சி நல்லது' என்று எழுதுவது பொறுப்பற்ற செயல்.

பயிற்சியும் மூட்டும்

மூட்டின் குருத்தெலும்பில் குருதிக்குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் உள்ள நீர்மத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. சுமை ஏறுகையில் குருத்தெலும்பு அமுங்கி நீர்மத்தை வெளிவிடும். சுமை இறங்குகையில் மீண்டும் உறிஞ்சும். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றுவதே தாய்ச்சியின் அடிப்படை அசைவாதலின், இவ்வமுக்கமும் தளர்வும் மாறிமாறி நிகழ்கின்றன. உடன் தொடைத்தசை வலுப்பெறுகிறது. கால் எங்கே ஊன்றியுள்ளது என்னும் உடலுணர்வும் கூர்மையடைகிறது.

ஆயினும் தாய்ச்சி மரபுகள் அனைத்தும் முழங்காலுக்கு ஏற்றவை அல்ல. 17ஆம் நூற்றாண்டில் கெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தாரிடையே உருப்பெற்ற சென் மரபில் தாழ்ந்த நிலைகளும் திடீர் விசைகளும் உண்டு. சுன் லூதாங் (1860–1933) வகுத்த சுன் மரபிலோ உடல் உயர்ந்தே நிற்கும். ஒரு கால் முன்னோ பின்னோ சென்றால் மறுகால் அதனைத் தொடரும். சிட்னியில் வாழும் குடும்ப மருத்துவர் பால் லாம், 1997இல் மூட்டுநோயாளர்க்கென ஒரு பயிற்சித் தொகுப்பை உருவாக்கியபோது இம்மரபையே அடிப்படையாகக் கொண்டார். தம் இயலளவில் 70 விழுக்காட்டைத் தாண்டாமல் பயில வேண்டும் என்பது அவர் வலியுறுத்தும் நெறி. முழங்கால், பாதவிரல் நுனியைக் கடந்து முன்செல்லலாகாது. எடை தாங்கிய காலை மடக்கியபடியே திருகலாகாது. இவ்விரண்டையும் காக்காத பயிற்சி, பெயரளவில் மென்மையானதாயினும் மூட்டைக் கெடுக்கும்.

சான்றுகளின் வலிமை

பாசுடனில் 204 முழங்கால் நோயாளரைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 12 வாரத் தாய்ச்சிப் பயிற்சி இயன்முறை மருத்துவத்துக்கு நிகரான பயனைத் தந்ததாகக் காட்டியது. மனச்சோர்வு குறைவதில் தாய்ச்சி சற்று முந்தியது. அவ்வாய்வில் பயன்பட்டது யாங் மரபு என்பது கருதத்தக்கது; சுன் மரபே ஒரே வழி என்று வற்புறுத்துவார்க்கு இது மறுப்பு. அமெரிக்க மூட்டியல் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய்ச்சியை வலுவாகப் பரிந்துரைத்தது. முடக்குவாதத்துக்கு இத்தகு உறுதியான சான்று இல்லை.

முதுமையில் வீழ்தலைத் தடுப்பதில் கிடைத்த பயன் வியப்பூட்டுவது. 70 வயதைக் கடந்த 670 பேரிடம் நிகழ்த்தி 2018இல் வெளியான ஆய்வில், தசைநீட்சிப் பயிற்சி செய்தோரைவிடத் தாய்ச்சி பயின்றோர் வீழ்ந்த நிகழ்வுகள் 58 விழுக்காடு குறைவு.

வினாநிரலில் இல்லாத வாழ்க்கை

மூட்டுநோய் ஆய்வுகள் பலவும் 'வோமாக்' என்னும் வினாநிரலைக் கொண்டு பயனை அளக்கின்றன. படியேறுதல், நாற்காலியிலிருந்து எழுதல், காலுறை அணிதல், காரில் ஏறி இறங்குதல் முதலியன அதில் வினவப்படுகின்றன. சம்மணமிட்டு அமர்தலும் குந்துதலும் அதில் இடம்பெறவில்லை. நார்த்தாமலையில் ஒரு மூதாட்டியிடம் காலுறையைப் பற்றிக் கேட்டு என்ன அறியப்போகிறோம்? தரையில் அமர்ந்து உண்ணல், அடுப்படியில் குந்துதல், பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மன் தேரைக் காண நெடுநேரம் நிற்றல் ஆகியனவே அவர் இழந்தவையாக இருக்கும். ஆகவே வினாநிரலைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது போதாது. வினாக்களையே புதிதாகத் திரட்ட வேண்டும். மருத்துவத்துறையினர் தனித்துச் செய்யும் பணியன்று இது. வழக்காற்றியல் பயின்ற தமிழாய்வாளர்க்கும் இதில் பங்குண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குந்துதல் ஒருவர்க்கு மீண்டும் கைகூட வேண்டும் என்பது விருப்பம். தேய்ந்த மூட்டை ஆழமாக மடக்கிப் பழக்குவது மருத்துவம் ஆகாது. தாய்ச்சி தரக்கூடியது நடையும் நிலையுமே.

கற்பிக்கும் மொழி

சோழர்காலக் கல்வெட்டுகளில் தெலுங்ககுலகாலபுரம் என்னும் வணிக நகரமாக விளங்கிய ஊர் இது. சீனத்துச் சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. இவற்றை இணைத்துத் தாய்ச்சிக்குத் தமிழ்த்தொடர்பு கற்பிக்கும் ஆவல் எழலாம். '7ஆம் அறிவு' (2011) திரைப்படத்துக்குப் பின் போதிதர்மர் கதையும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. இவற்றுள் எதுவும் தாய்ச்சியின் வரலாற்றுக்குச் சான்றாகாது. ஒரு பயிற்சியை ஏற்க அது நம்முடையதாக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

நம்மிடம் உள்ளது வேறொன்று. முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடித்து வளர்ந்த பெண்களுக்கு வட்டமாக நிற்றலும், அடியை எண்ணி வைத்தலும், முன்னிற்பவரைப் பார்த்து அசைதலும் உடலில் ஊறியவை. கும்மியின் குனிவும் விரைவும் நோயுற்ற மூட்டுக்கு ஆகா. ஆனால் அதன் வட்டத்தைத் தாய்ச்சிக்குக் கடன்வாங்கலாம். 'ஊன்று', 'ஒதுங்கு', 'மாற்றிவை' போன்ற வினைச்சொற்களே கட்டளைகளாகப் போதும். சீனப் பெயர்களை மனனம் செய்விப்பது வீண்சுமை.

2021 ஆகத்து 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிவரும் இயன்முறை மருத்துவமும் அடங்கும். எவர்க்கு இப்பயிற்சி ஏற்றது, எவர்க்கு ஆகாது என்று பிரித்தறிய அவ்வியன்முறை மருத்துவரே தக்கவர். கடுமையான எலும்பு நலிவு, தலைசுற்றல், அண்மையில் செய்த மூட்டறுவை ஆகியன உடையோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. முதல் சில வாரங்களில் ஒவ்வொருவர் பின்னும் ஒரு நாற்காலி இருத்தல் நன்று. களம் குன்றின் சரிவாக இல்லாமல் சமநிலமாக, வெயிலேறாத காலைப்பொழுதில் நிழல்விழும் இடமாக அமைய வேண்டும்.