மேட்டில் ஏறினால் பின்னாலேயே வழுக்குதா ஸ்கீ? தேய்ந்த 'செதிலை' வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

நார்வே தலைநகர் ஒஸ்லோவில் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ ரயில் ஏறினால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். ஆளுயரத்தைத் தாண்டிய இரண்டு மெல்லிய பலகைகளைக் கையில் பிடித்தபடி தாத்தா, பாட்டி, பள்ளிக் குழந்தைகள் என எல்லோரும் நிற்பார்கள். 1-ம் எண் தடத்தின் கடைசி நிறுத்தம் ஃப்ரொக்னர்செட்டரன். கடல் மட்டத்திலிருந்து 469 மீட்டர் உயரம். இறங்கினால் காடும் பனியும்தான்.

அங்கே முதன்முதலாக ஸ்கீ மாட்டி நடப்பவர்களில் பலருக்கு ஒரே பிரச்னை. மேட்டில் ஒரு அடி முன்னால் வைத்தால் அரை அடி பின்னால் வழுக்கும். பக்கத்திலேயே எழுபது வயதுப் பாட்டி ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் ஏறிப் போவார். "நமக்கெல்லாம் இது வராதுப்பா" என்று அத்தோடு விட்டுவிடுபவர்களும் உண்டு. ஆனால் பல நேரங்களில் தப்பு காலில் இல்லை. காலுக்குக் கீழே இருக்கும் ஸ்கீயில்தான்.

ஏன் இப்படி? சரிசெய்ய முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

மெழுகு பூசாத ஸ்கீ என்றால் என்ன?

மலைச்சரிவில் வேகமாக இறங்கும் ஸ்கீ வேறு. கிராஸ் கன்ட்ரி ஸ்கீ என்பது சமதரை, மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் நடந்தும் சறுக்கியும் போவதற்கானது. 1924-ல் பிரான்ஸின் ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்ற விளையாட்டு இது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முன்னால் போகும்போது ஸ்கீ வழுக்க வேண்டும். காலை ஊன்றி உந்தும்போது வழுக்கவே கூடாது. ஒரே பலகை இரண்டையும் செய்ய வேண்டும்.

பழைய வழி, பாதத்துக்குக் கீழே உள்ள பகுதியில் ஒட்டும் தன்மையுள்ள மெழுகு பூசுவது. பனித்துகள் அந்த மெழுகில் குத்தி நின்று பிடிமானம் கொடுக்கும். ஆனால், வெப்பநிலைக்கு ஏற்ப மெழுகு மாற வேண்டும். கடுங்குளிருக்குப் பச்சை, குளிருக்கு நீலம், பூஜ்யம் டிகிரியை நெருங்கினால் ஊதா, அதற்கு மேல் சிவப்பு. மெழுகு தப்பினால் அன்றைய நாளே வீண்.

இந்தத் தலைவலிக்குத் தீர்வாக 1970-களில் பரவியதுதான் 'மீன் செதில்' ஸ்கீ. நார்வேக்காரர்கள் இதை 'ஸ்மோரெஃப்ரி' என்கிறார்கள், அதாவது பூச்சு தேவைப்படாதது. அடிப்பாகத்தின் நடுவில் சின்னச் சின்னப் படிகள் செதில் போல அடுக்கியிருக்கும். முனையிலிருந்து வால் பக்கமாகக் கையால் தடவினால் வழவழவென்று போகும். எதிர்ப்பக்கமாகத் தடவினால் விரல் தடுக்கும். அந்தத் தடுப்புதான் பிடிமானம்.

செதில் ஏன் தேய்கிறது?

ஸ்கீயின் அடிப்பாகம் பாலித்தீன். பனிக்கட்டி, சரளைக்கல், வாகன நிறுத்தத்தில் கொட்டிய மணல் எல்லாம் சேர்ந்து அதை அரிக்கும். படிகளின் கூர்மையான விளிம்பு மெல்ல உருண்டு மழுங்கிவிடும். நம் ஊரில் அம்மி வழவழப்பானால் மசாலா அரைபடாது. கொத்துபவரைக் கூப்பிட்டு மறுபடி கொத்தச் சொல்வோம் இல்லையா? அதே கதைதான் இங்கேயும்.

இயந்திரத்தில் உருவாக்கும் செயற்கைப் பனி இன்னொரு காரணம். வானத்திலிருந்து விழும் பனி மெல்லிய கிளைகள் கொண்ட படிகம். செயற்கைப் பனியோ உறைந்த நீர்த்துளி. உருண்டையாக, கெட்டியாக இருக்கும், அதனால் அதிகம் உராயும். இயற்கைப் பனி போதாத இடங்களில் தடங்கள் இதை நம்பியே இருக்கின்றன.

முதலில் ஒரு காகிதம் எடுங்க

தேய்ந்துவிட்டது என்று அரத்தைத் தூக்கும் முன் செய்ய வேண்டியது பரிசோதனை. காசு செலவில்லை, பத்து நிமிடம் போதும்.

ஸ்கீயை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், நடுப்பகுதி வில் போல லேசாக மேலே வளைந்திருக்கும். இரண்டு காலிலும் சமமாக நிற்கும்போது செதில் பகுதி தரையில் அழுந்தக் கூடாது. ஒரு காலில் மொத்த எடையையும் போட்டு உந்தும்போது அழுந்த வேண்டும். இதுதான் இதன் சூட்சுமம்.

சமதரையில் இரண்டு ஸ்கீயையும் வைத்து, காலணி பொருந்தும் இடத்தில் ஏறி நில்லுங்க. இன்னொருவர் பாதத்துக்குக் கீழே ஒரு காகிதத்தை நுழைத்து முன்னும் பின்னும் நகர்த்தட்டும்.

* இரண்டு காலில் நிற்கும்போது காகிதம் நகர்ந்து, ஒற்றைக் காலில் நிற்கும்போது சிக்கிக்கொண்டால், ஸ்கீ உங்கள் எடைக்குச் சரியானது. பிரச்னை செதிலில்தான், சரிசெய்யலாம்.

* ஒற்றைக் காலில் நின்றும் காகிதம் தாராளமாக நகர்ந்தால், அந்த ஸ்கீ உங்களைவிட எடை கூடியவருக்கானது. செதில் பனியைத் தொடவே இல்லை. எவ்வளவு கூர்மையாக்கினாலும் பயனில்லை.

* இரண்டு காலில் நிற்கும்போதே காகிதம் சிக்கினால், வளைவு தளர்ந்துவிட்டது, அல்லது ஸ்கீ உங்கள் எடைக்கு மென்மையானது. செதில் எப்போதும் தரையில் உரசும். சறுக்கல் குறையும், தேய்மானம் கூடும்.

சரிசெய்யும் வழிகள் என்னென்ன?

முதல் படி, சுத்தம் செய்வது. சறுக்கலுக்காக முன்னும் பின்னும் பூசிய மெழுகு செதில் இடுக்கில் புகுந்து அடைத்துக்கொள்வது சகஜம். ஸ்கீ கடையில் கிடைக்கும் சுத்திகரிப்புத் திரவமும் நைலான் பிரஷும் போதும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்வது நல்லது. சிலருக்கு இதோடே பிரச்னை தீர்ந்துவிடும்.

இரண்டாவது, விளிம்பைக் கூர்மையாக்குவது. ஒவ்வொரு படியின் பின்பக்க விளிம்பையும் கூரான மெல்லிய தகட்டாலோ சிறிய அரத்தாலோ லேசாகச் சீவினால் மழுங்கிய முனை மறுபடி சதுரமாகும். நிதானம் வேண்டும். அடிப்பாகத்தின் தடிமனே ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்தான். எனவே ஒரு ஸ்கீயின் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறைக்கு மேல் இதைச் செய்ய முடியாது.

மூன்றாவது, உப்புத்தாள். செதில் பகுதியை 100-ம் எண் உப்புத்தாளால் தேய்த்தால் பாலித்தீனில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மயிரிழைகள் எழும்பும். கடைசித் தேய்ப்பு மட்டும் முனையிலிருந்து வால் பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் இழைகள் பின்னோக்கிச் சாயும். பூஜ்யம் டிகிரியை ஒட்டிய ஈரப்பனியில் இது நன்றாகவே பிடிக்கும்.

நான்காவது, செதில் மேலேயே பிடிமான மெழுகு பூசுவது. 'பூச்சு தேவைப்படாத ஸ்கீக்குப் பூச்சா' என்று தோன்றலாம். ஆனால் செதில் ரொம்பவே போய்விட்டால் இதுவும் ஒரு வழி. உறைந்து இறுகிய தடத்துக்குக் கிளிஸ்டர் என்ற பசை உண்டு. அந்தச் சொல்லுக்கே நார்வே மொழியில் பசை என்றுதான் பொருள். பிடிமானம் பிரமாதமாக இருக்கும். ஆனால் கை, பை, கார் சீட் எல்லாவற்றிலும் ஒட்டும். புதுப்பனியில் கட்டி கட்டியாகப் பனி அப்பிக்கொள்ளும்.

ஐந்தாவது, ஸ்கீக்கு அடியில் மாட்டும் துணிப்பட்டை. அங்கோரா ஆட்டின் ரோமமான மோஹேரிலோ நைலானிலோ செய்தது. மலைப்பயண ஸ்கீகளுக்கு இதன் குட்டை வடிவமும் உண்டு. ஏற்றத்தில் மாட்டி, இறக்கத்தில் கழற்றிவிடலாம். ஆனால் எல்லா ஸ்கீயிலும் பொருந்தாது. கடையில் கேட்டு வாங்குவதே நல்லது.

இதையெல்லாம் செய்யாதீங்க

செதில் பகுதியில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து மெழுகு உருக்கக் கூடாது. படிகள் உருகி மட்டமாகும், இடுக்குகளும் அடைபடும். அங்கே பனி ஒட்டாமல் இருக்கத் திரவப் பூச்சே போதும். வீட்டில் கிடக்கும் பழைய டப்பாவில் ஃபுளோரின் சேர்மம் இருக்கலாம், கவனம். உடலிலும் மண்ணிலும் தங்கிவிடும் இந்த ரசாயனத்தைச் சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் முழுமையாகத் தடை செய்துவிட்டது.

இன்னொன்று, மேட்டில் ஏறும்போது முன்னால் குனியக் கூடாது. எடை விரல் நுனிக்குப் போனால் நல்ல செதிலும் பிடிக்காது. நிமிர்ந்து, அடியைக் குட்டையாக்கி, பாதத்தை அழுத்தி வைக்க வேண்டும். செங்குத்தான மேட்டில் ஸ்கீ முனைகளை விரித்து 'மீன்முள்' நடை போடலாம். நார்வேக்காரர்களும் அதை அதே பெயரில்தான் அழைக்கிறார்கள்: ஃபிஸ்கெபெய்ன்.

யாருக்கு இது முக்கியம்?

நார்வேயில் பள்ளிகள் குளிர்காலத்தில் 'ஸ்கீ நாள்' நடத்துவது வழக்கம். அங்கே ஆயிரக்கணக்கில் வாழும் ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் அன்றைக்கு ஸ்கீயோடு போக வேண்டியவர்கள்தான். புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் பெரும்பாலும் பழைய ஸ்கீயை மலிவாக வாங்குவார்கள், அல்லது 'பூவா' போன்ற அமைப்பில் இலவசமாக இரவல் எடுப்பார்கள். வேறொருவர் எடைக்கு வாங்கிய ஸ்கீயோ, தேய்ந்த ஸ்கீயோ அவர்கள் கைக்கு வர வாய்ப்பு அதிகம். மேட்டில் வழுக்கி விழும் பிள்ளை, தப்பு தன்னுடையது என்றுதான் நினைக்கும். மணிக்கட்டில் அடிபட்டால் அடுத்த முறை வரவே தயங்கும்.

அதனால், பழைய ஸ்கீ வாங்கப் போனால் மூன்று விஷயங்களைப் பாருங்க. வாலிலிருந்து முனை நோக்கித் தடவினால் விரல் தடுக்கிறதா? நடுவில் வளைவு இருக்கிறதா? அதில் நடக்கப் போகும் ஆளையே மேலே ஏற்றிக் காகிதத்தை நகர்த்தினால் சரியாக வருகிறதா?

வளைவு நன்றாக இருந்து செதில் மட்டும் மழுங்கியிருந்தால், தைரியமாக வாங்கலாம். ஒரு பிரஷ், ஒரு உப்புத்தாள், ஒரு சாயங்காலம் போதும். வளைவே செத்துப்போயிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அதைச் சரிசெய்ய வழி இல்லை.